பரியாரியார் சொல்லாதது

என் தங்கை கருவாடு போடுகிறவள். கொக்கிளாயில் கடல்நீர் ஏறி நிற்கும் களப்போரம் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. அவளுடைய கணவர் கொண்டுவரும் மீனில் விற்றது போக மிஞ்சியதை வெட்டி, உப்பிட்டு, பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் பரப்புவாள். பிறகு நாள் முழுவதும் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். வெயில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. முகில் கொஞ்சம் கறுத்தாலே அவளுக்கு முகம் கோணிவிடும்.

அப்படிப்பட்டவளிடம்தான் வவுனியாவில் ஒரு டொக்டர், "இனிமேல் உங்கட உடம்பில வெயில் படக்கூடாது" என்றார்.

முதலில் விரல் மூட்டுகள்தான் நொந்தன. காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. உப்பும் ஈரமும் செய்கிற வேலை என்று விட்டுவிட்டோம். பிறகு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் வண்ணாத்திப்பூச்சி விரித்த செட்டை மாதிரிச் சிவந்தது. தலைமயிர் சீப்போடு வந்தது. முல்லைத்தீவில் காட்டி, அங்கிருந்து வவுனியாவுக்கு அனுப்பி, பலமுறை இரத்தம் எடுத்த பிறகுதான் லூபஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி உடம்பையே அடிக்கிற வருத்தம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். முற்றாக மாறாது, குளிசையால் அடக்கி வைக்கலாம் என்றும் சொன்னார். தங்கை அதில் "மாறாது" என்பதை மட்டும்தான் கேட்டாள். நானும் அப்படித்தான்.

நான் அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். கலியாணம் செய்யவில்லை. முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அம்மா போன பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். அவளுடைய கலியாணத்தையும் நான்தான் நடத்தினேன். ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் வேலி இல்லை. அவளுக்கு ஒரு மகள்.

குளிசை வேலை செய்தது. மூட்டு நோ குறைந்தது, சிவப்பு மங்கியது. ஆனால் முகம் வீங்கியது. ஒடுக்கமான முகம் அவளுக்கு, அம்மாவின் முகம். மூன்று மாதத்தில் அது வட்டமாகி, கண் இடுங்கி, வேறு யாரோ ஒருத்தியின் முகமாகிவிட்டது. கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. மேலுதட்டில் பூனைமயிர் கறுத்தது. மகளுக்கு முதல் நன்மை கொடுத்த அன்று மாதா கோவிலில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளோடு நின்று படம் எடுத்தார்கள். இவள் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெள்ளை உடுப்போடும் மெழுகுதிரியோடும் மகள் ஓடிவந்து என்னிடம், "பெரியம்மா, அம்மா வரமாட்டாவாம். நீங்கள் வாங்கோ" என்றாள். அந்தப் படத்தில் அவளோடு நிற்பது நான்தான்.

அன்றைக்குத்தான் நான் தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். தேடினால் வராதது உண்டா? ஒரு வீடியோவில் இலைகளாலும் கஞ்சியாலும் தன் வருத்தத்தை மாற்றியதாக ஒருத்தி சொன்னாள். ஒருவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, குளிசை எல்லாம் நஞ்சு, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் எந்த வருத்தமும் ஓடிவிடும், சீந்தில்கொடி ஒன்றே போதும் என்றார். முன்பள்ளி விட்டதும் வீட்டு வாசலில் இருந்து அவற்றைப் பார்ப்பேன். கொப்பியில் குறித்தும் வைத்தேன். ஆனாலும் நானாக ஒன்றும் கொடுக்கப் பயம். புளியங்குளத்துக்குக் கிட்ட நாட்டு மருந்து பார்க்கும் ஒரு பரியாரியார் இருக்கிறார், முறிவுக்கும் வாதத்துக்கும் கைராசிக்காரர் என்று கோவிலில் ஒரு அக்கா சொன்னா. வெயிலில் தங்கையைக் கொண்டு திரிய முடியாது. அவளுடைய கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன்.

முல்லைத்தீவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நெடுங்கேணி வழியாக இன்னொன்று. பரியாரியார் மெலிந்த மனிதர், எழுபது வயது இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் அவசரப்படவில்லை.

"குளிசை ஒழுங்காப் போடுறாவோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. ஆனா முகமெல்லாம் வீங்கிப்போச்சு. ஆக்களுக்கு முன்னால வாறாளில்லை."

"வீங்கினாலும் பரவாயில்லை. குளிசையை விட்டிடாதேங்கோ. உது எனக்குப் பிடிபடுற வருத்தம் இல்லை, பிள்ளை. மூட்டு நோவுக்குப் பூச ஒரு எண்ணெய் தாறன். முடக்கொத்தான் கிடைச்சால் ரசம் வைச்சுக் குடுங்கோ. அதுக்குமேல நான் ஒண்டும் தரமாட்டன்."

"சீந்தில் நல்லம் எண்டு சொல்லீனம்..."

"காய்ச்சலுக்கு நானும் குடுக்கிறனான். தெரியாத வருத்தத்துக்குக் குடுக்கமாட்டன். நீங்களும் குடுக்காதேங்கோ."

ஒரு போத்தல் எண்ணெயைக் கடுதாசியில் சுற்றித் தந்தார். தன்னுடைய கொப்பியிலும் ஏதோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. அவ்வளவு தூரம் போனதற்கு ஒரு போத்தல் எண்ணெய். தங்கைக்கு உள்ளதைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அதை எப்படிச் சொன்னால் குறைய நோகும் என்று ஒட்டுசுட்டான் கடக்கும்வரை யோசித்தேன்.

பின்னேரம் நான் வளவுக்குள் நுழைந்தபோது அவள் துவாயால் தலையை மூடிக்கொண்டு படலையடியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அந்த வீங்கிய முகத்தில் கண் இரண்டும் சின்னனாக, என்னையே பார்த்தபடி இருந்தன.

"என்ன சொன்னவர் அக்கா?"

"மாத்தலாமாம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெய்யாவோ? மெய்யாவோ அக்கா? என்னண்டு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சீந்தில் குடிக்கட்டாம், இலைக்கஞ்சி குடிக்கட்டாம், மீன் கொஞ்சநாளைக்கு ஆகாதாம், குளிசையைச் சன்னஞ் சன்னமாகக் குறைத்து நிற்பாட்டட்டாம் என்றேன். தொலைபேசியில் பார்த்ததை எல்லாம் பரியாரியாரின் வாயில் வைத்துச் சொன்னேன். அவள் அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது நான் கனகாலம் காணவில்லை. களப்பிலிருந்து வந்த அவளுடைய கணவரும் கேட்டார்: "அக்கா, குளிசையை விடச் சொல்லி அவரே சொன்னவரோ?"

"ஓம் தம்பி" என்றேன். அவர் என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுகிறவர் இல்லை.

அடுத்த நாளிலிருந்து எனக்கு அதுவே வேலையானது. விடிய எழும்பி, காட்டோரத்தில் மரங்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் சீந்திலை வெட்டி வருவேன். தோலைச் சுரண்டி, இடித்து, அவித்து வடித்து அரைக் கோப்பை கொடுப்பேன். அப்படி ஒரு கைப்பு. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பாள். குடித்துவிட்டுக் கண்ணால் தண்ணீர் ஓட இருப்பாள். பிறகு வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி, முடக்கொத்தான் எல்லாம் போட்ட பச்சைக் கஞ்சி. மத்தியானம் குரக்கன் புட்டும் கீரையும். கோதுமை மா இல்லை, சீனி இல்லை, தேநீர் இல்லை, மீன் இல்லை. வீடு முழுக்க மீன் மணக்கும். கணவரும் மகளும் இறால் குழம்போடு சாப்பிட, இவள் புறம்பாகத் தன் கோப்பையோடு இருப்பாள்.

"அக்கா, நாளைக்கு ஒருநாள் விடுவமே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஒரு மாசம் பல்லைக் கடி பிள்ளை" என்றேன்.

குளிசையை நான் என்னுடைய பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். ஒன்றைப் பாதியாக்கினேன், பாதியைக் காலாக்கினேன், பிறகு நிற்பாட்டினேன். கிளினிக் நாள் வந்தபோது, போனால் குளிசையை விட்டதற்கு ஏசுவார்கள், சுகப்பட்ட பிறகு போய்க் காட்டுவோம் என்று மறித்தேன்.

முகம் வற்றியது. அதுதான் எங்களைக் கெடுத்தது. குளிசை நின்றால் வீக்கம் வற்றும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் நான் அதைச் சீந்திலின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அம்மாவின் முகம் திரும்பி வந்தது. தபசுகாலத்தில் அவள் மறுபடி கோவிலுக்குப் போனாள். பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். "எல்லாம் எங்கட அக்காவாலதான்" என்று சொன்னாள். சீனிவருத்தக்காரர், மூட்டுவாதக்காரர் எல்லாம் கொப்பியும் பேனையுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் எவ்வளவு பெருமையோடு நடந்து திரிந்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

முதலில் அவளுக்குக் களைப்பு வந்தது. பிறகு ஒருநாள் என்னிடம் மெதுவாக, "அக்கா, ஒண்டுக்கிருந்தால் நுரை நுரையாப் போகுது" என்றாள்.

"உடம்பில கிடந்த நஞ்செல்லாம் கழியுது. அது நல்லதுக்குத்தான்" என்றேன்.

இதையும் தொலைபேசியில்தான் கேட்டிருந்தேன். அவள் நம்பினாள். அவளுக்குப் பரியாரியார் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான். கால் வீங்கியபோது கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தேன். பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கிழமை முடியவில்லை. ஒருநாள் காலையில் அவளால் படுக்க முடியவில்லை, கதைக்க முடியவில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவளுடைய கணவர் அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார். மகள் பள்ளிக்கூட உடுப்போடு முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசுப்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர். கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஏன் குளிசையை விட்டனீங்கள்?"

தங்கை முகத்தில் மாட்டியிருந்த ஒட்சிசன் மூடியை விலக்கிவிட்டு, "புளியங்குளத்துப் பரியாரியார்தான் விடச் சொன்னவர்" என்றாள்.

"ஐயோ, உந்த ஆக்கள்!" என்று டொக்டர் தலையில் கை வைத்தார். நான் சுடுதண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு கட்டில் காலடியில் நின்றேன். என்ன கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீந்தில் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் அதைக் குடுத்தனீங்கள்?"

"எதிர்ப்புச் சக்தி கூடும் எண்டு..."

"அம்மா, உங்கட தங்கச்சிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவெண்டு ஆர் சொன்னது? அதுதானே அவவை அடிக்குது. இப்ப சிறுநீரகத்தில கை வைச்சிட்டுது. அடிக்கிறவனுக்கு நீங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பாடு குடுத்திருக்கிறியள்."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். குளிசையை விட்டதுதான் பெரிய பிழை, சீந்தில் அதற்கு மேலே என்றும் சொன்னார். பிறகு ஊசியும் பெரிய மருந்துகளுமாகப் பல மாதம் போராடிப் பார்த்தார்கள். முகம் முன்னையைவிட வீங்கியது. சிறுநீரகம் திரும்பவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் வவுனியாவில் மெசினில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

ஒருநாள் அவளுடைய கணவர் வலையைக் கீழே போட்டுவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். மறிப்பதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் மறிக்கவில்லை.

பின்னேரம் வந்து நேரே என் குசினிக்குள் வந்தார். நின்றபடியே சொன்னார்.

"அந்த வயசுபோன மனிசனை வீட்டு முத்தத்தில நிண்டு கண்டபாட்டுக்குப் பேசினனான் அக்கா. அயலெல்லாம் வந்து பாத்தது. அந்தாள் ஒண்டும் திருப்பிப் பேசேல்லை. உள்ளுக்கை போய்க் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தது. நீங்கள் போன நாளில எழுதிக் கிடக்கு. எண்ணெய் மட்டும் குடுத்தது, ஆசுப்பத்திரி மருந்தை விடக்கூடாதெண்டு சொன்னது."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொன்னவரோ அக்கா?"

"ஓம்."

"அப்ப ஏன்?"

படலையடியில் அவள் நின்ற நிலையைச் சொல்லலாம். அது ஒரு மறுமொழியா? அவர், "நான் அவளுக்குச் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ" என்று போய்விட்டார். இன்றுவரை அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தினால் நல்லது என்று நினைக்கிறேன்.

சொல்வதற்கு எனக்கு மூன்று கிழமை எடுத்தது. வவுனியாவில் அவளை மெசினில் போட்டிருந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன். கையில் குழாய் கொழுவியிருக்க அவளால் எழும்பிப் போக முடியாது, திரும்பிப் படுக்கவும் முடியாது என்பது அப்போது எனக்குப் படவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஏன் இதை எனக்குச் சொல்லுறாய்?" என்று கேட்டாள்.

நான் அழுதேன்.

"உன்ர மனம் ஆறவோ?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மெசின் நிற்க இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

அதன் பிறகு அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைப்பாள். பஸ் வருகுது, கொப்பியை எடு, போர்வையைத் தா. சமைப்பது இப்போதும் நான்தான். ஆசுப்பத்திரியில் ஒரு தாள் தந்திருக்கிறார்கள், என்னென்ன கொடுக்கக்கூடாதென்று. நான் வற்புறுத்தி ஊட்டிய முருங்கையிலை, கீரை வகை, இளநீர், பழம் எல்லாம் அதில் இருக்கின்றன. மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சக்கையைத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரும் அளந்துதான். அவள் வைத்ததைச் சாப்பிடுகிறாள். ருசி எப்படி என்று நான் கேட்பதில்லை. கருவாட்டு வலை சுருட்டியபடி வீட்டின் பின்பக்கம் கிடக்கிறது. மகளே தன் தலையைப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

என்னுடைய சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று டொக்டரிடம் சொன்னேன். தங்கை மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் மறுக்கவில்லை. "எடுங்கோ" என்று டொக்டரிடம் சொன்னாள். அந்த நாட்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும்: எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. எல்லாச் சோதனையும் செய்தார்கள். கடைசியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். எனக்குச் சீனி இருக்கிறதாம், பிரசரும் கூடவாம், கனகாலமாக இருந்திருக்க வேண்டுமாம். என்னிடமிருந்து எடுக்க முடியாது.

வெளியே வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் வாங்கில் இருந்தபடி நிலத்தைப் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, முன்பு என்னிடம் கொப்பியோடு வந்த அக்கா ஒருத்தி வீட்டுக்கு வந்தா. எனக்குச் சீனி என்று கேள்விப்பட்டாவாம். "ஏன் உந்தக் குளிசையளைப் போடுறியள்? ஆவாரம்பூவை அவிச்சுக் குடியுங்கோ. நீங்கள் எழுதித் தந்ததில இருந்ததுதானே" என்றா. என் கையெழுத்தில் இருந்த தாளையும் எடுத்துக் காட்டினா. மடித்து மடித்து நைந்து போயிருந்தது. அந்தத் தாளைத் தரச் சொல்லிக் கேட்டேன். அவா தரவில்லை. தனக்கு நல்ல சுகம் என்றா.

தங்கை மரநிழலில் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவா போன பிறகு, என்னைப் பார்க்காமல், "குளிசையைப் போடு" என்றாள்.

நான் போட்டேன். அவள் மனம் இறங்கிவிட்டாள் என்று இதற்குப் பொருள் வைக்க எனக்குத் துணிவில்லை. அவளை வவுனியாவுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். அவளுடைய கணவர் தொழிலுக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதை நினைத்தும் சொல்லியிருக்கலாம். நாளைக்கு அவளுடைய முறை. முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.